பாதை எல்லோருக்கும், தண்டனை யாருக்கு?

நியூயார்க் நகரத்துப் பூங்காப் பாதைகளில் மின்சார சைக்கிள் போகலாமா, கூடாதா என்ற தகராறு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. இது ஏதோ வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குச் சண்டை என்று நாம் தள்ளிவிட முடியாது. உழைப்பாளி மக்களின் சோறும் இதில் அடங்கியிருக்கிறது.

பாட்டரியும் சிறு மோட்டாரும் பொருத்திய சைக்கிள் இது. அங்கே சட்டம் இதை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. பெடலை மிதித்தால் மட்டும் மோட்டார் உதவுவது முதல் வகை; மிதிக்காமலே ஓடக்கூடியது இரண்டாவது. இவ்விரண்டிலும் மணிக்கு 32 கிலோமீட்டரோடு மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். மூன்றாவது வகை 40 கிலோமீட்டர் வரை ஓடும்.

பாதையில் நடப்போரின் அச்சம் பொய்யல்ல. அங்கே கிழவர் நடக்கிறார், குழந்தை ஓடுகிறது. 24 கிலோமீட்டர் வேகம் 32 ஆனால், வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. மோதலின் சக்தியோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஆகவே வேகத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும். இதில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமில்லை.

ஆனால் கட்டுப்பாட்டின் பெயரால் நடந்தது என்ன? ஹோட்டல் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளிக்கு இந்தச் சைக்கிள்தான் தறி, இதுதான் ஏர். பிழைப்புத் தேடி அயல்நாடுகளிலிருந்து வந்தவர்களே இவர்களில் மிகப் பலர். 2020இல் மாகாணச் சட்டம் மாறும் வரை இவர்களுக்கு 500 டாலர் அபராதம், வண்டி பறிமுதல். பூங்காச் சாலைகளையும் பசுமைப் பாதைகளையும் நகர நிர்வாகம் பரீட்சார்த்தமாகத் திறந்துவிட்டது 2023 ஜூனில்தான். 2025இலோ, சிவப்பு விளக்கைத் தாண்டிய சைக்கிள்காரருக்குக் கிரிமினல் கோர்ட் சம்மன்! அதே குற்றம் செய்த கார்க்காரருக்குச் சாதாரண அபராதச் சீட்டு! அதே ஆண்டு அக்டோபரில் மணிக்கு 24 கிலோமீட்டர் என்ற வரம்பும் வந்தது.

வரம்பை நாம் எதிர்க்கவில்லை. ஒரே தராசுக்கு இரண்டு எடைக்கல் வைப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

தொழிலாளி ஏன் பறக்கிறார்? ஆலையில் வேலைப் பளுவை ஏற்றிவிட்டு, விரல் போனால் "அஜாக்கிரதை" என்று தொழிலாளி மீதே பழி போடுவதை நாம் அறிவோம். இங்கும் அதே கதைதான். அவசரத்தை உண்டாக்குவது கம்பெனி. சம்மன் வாங்குவது தொழிலாளி. காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் கொண்டு, மணிக்கு 17.96 டாலர் குறைந்தபட்சக் கூலி 2023 டிசம்பரில் அமுலுக்கு வந்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த் தடுக்கப் பார்த்தன. தொழிலாளர்களின் ஒற்றுமை நின்றது. கூலி நிச்சயமானால், உயிரைப் பணயம் வைத்து ஓட வேண்டிய நிர்ப்பந்தம் குறையும்.

நமது கருத்து தெளிவானது. குறுகிய பாதையில் நடப்பவருக்கே முதலிடம் வேண்டும். அகன்ற பாதையில் சைக்கிளுக்குத் தனி வழி வேண்டும். ஒரே குற்றத்துக்கு எல்லா வண்டிக்கும் ஒரே தண்டனை வேண்டும். அவசரப்படுத்தும் கம்பெனியும் பொறுப்பேற்க வேண்டும்.

பூங்கா பொதுச் சொத்து. அங்கே காற்று வாங்க நடப்பவரும் உழைப்பாளி. சாப்பாட்டுப் பையோடு போகிறவரும் உழைப்பாளி. இருவரையும் மோதவிட்டு லாபம் பார்ப்பவர்களை, இருவரும் சேர்ந்தே கணக்குக் கேட்க வேண்டும்!