சீமெந்தின் காபன் சுமையும் அம்பாறையின் உமியும்

2004 ஆழிப்பேரலையில் அழிந்த, அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளை மீளக் கட்டியெழுப்ப உதவிய சீமெந்து, உலகக் காபனீரொட்சைட்டு வெளியீட்டில் ஏறத்தாழ 7 சதவீதத்திற்குக் காரணமான தொழிற்றுறையின் விளைபொருள் என்பதும், காலநிலை மாற்றத்தால் உயரும் கடல்மட்டம் இதே கரைகளையே அச்சுறுத்துகிறது என்பதும் சேர்த்து நோக்கப்பட வேண்டியவையாகும்.

சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணுடன் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசில் சுட்டுப் பெறப்படும் 'கிளிங்கர்' எனும் இடைப்பொருளே சீமெந்தின் அடிப்படை. வெளியீட்டின் பாதிக்கும் மேற்பட்ட பங்கு எரிபொருளிலிருந்தன்றி அக்கல்லிலிருந்தே பிரிவதால், புத்தளம் சீமெந்து ஆலையின் சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக உமியை எரிப்பது பயனுடையதாயினும் போதுமானதன்று. ஆகவே நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் பறக்கும் சாம்பல், சுட்ட களிமண், முறையாக எரித்த உமிச்சாம்பல் ஆகியவற்றைச் சேர்த்துக் கிளிங்கரின் அளவைக் குறைக்கும் கலப்புச் சீமெந்தே இன்று கைக்கெட்டும் வழியாகும்.

நெல் விளையும் அம்பாறை மாவட்டத்திற்கு உமியின் இப்பயன்பாடு வருமான வாய்ப்புமாகும்; எனினும் உமியை எரிபொருளாகக் கொண்ட அரிசி ஆலைகளும் செங்கற்சூளைகளும் விலையேற்றத்தால் நலிவுறாதவாறும், மாற்றத்தின் செலவு வீடு கட்டும் ஏழைகளின் தலையில் விழாதவாறும் அரசு காக்க வேண்டும். அரச கட்டுமானங்களில் கலப்புச் சீமெந்துக்கு முன்னுரிமை அளிப்பதையும், ஆலைகளின் தூசி, வெளியீட்டு அளவீடுகளைப் பகிரங்கப்படுத்துவதையும் இனியும் தாமதிப்பது நியாயமன்று.