மர்ஜானும் மீஸானும்



கோடை விடுமுறை வந்துவிட்டால், “எங்கே அழைத்துச் செல்வீர்கள்?” என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவர். மறைமலை நகர், ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் ஷிப்டுக்கு ஏற்ப உண்டு உறங்கும் குடும்பங்களுக்கு இச்சில நாட்களே ஓய்வு. பூமியில் பயணம் செய்து படைப்பைச் சிந்திக்குமாறு திருமறை பல இடங்களில் நம்மைப் பணிக்கிறது. அச்சிந்தனைக்கு மிக உகந்தவை மன்னார் வளைகுடாத் தீவுகள்.

தூத்துக்குடி முதல் பாம்பன் வரை வரிசையாய் அமைந்த 21 தீவுகள் இவை. 1986ஆம் ஆண்டு இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆதலால் வனத்துறையின் அனுமதியின்றி இத்தீவுகளில் கால் வைத்தல் கூடாது. பாம்பன் தீவின் குந்துக்கால் கரைக்கு மிக அருகில் இருப்பது குருசடைத் தீவு. அங்குச் செல்ல விரும்புவோர் முன்னரே வனத்துறையிடம் விசாரித்து, அனுமதி பெற்ற படகில் மட்டுமே செல்லவேண்டும்.

அவ்வட்டார மக்கள் வடக்கிலுள்ள பாக் நீரிணையைப் ‘பெண் கடல்’ என்றும், தெற்கிலுள்ள மன்னார் வளைகுடாவை ‘ஆண் கடல்’ என்றும் அழைப்பர். தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் ஆண் கடல் கொந்தளிக்கும். அப்போது படகோட்டி வேண்டாமென்றால் திரும்பிவிடுவதே அறிவுடைமை. உயிர்காப்பு அங்கி அணிவது தவக்குலுக்கு முரணானதன்று.

இத்தீவுகளின் கரையில் மெரினாவைப் போன்ற மெத்தென்ற மணலை எதிர்பார்க்காதீர்கள். அலைகள் ஒதுக்கிய பவளத்துண்டுகளும் சிப்பிகளும் காலைக் கிழிக்கும். செருப்பின்றி நடத்தல் அரிது. “இக்கற்களை இங்கே கொட்டியது யார்?” என்று பிள்ளை கேட்குமாயின், அதுவே பாடம் தொடங்கும் இடம். அவை மனிதர் கொட்டிய கற்கள் அல்ல. கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிர்கள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துக் கட்டிய வீடுகள். கட்டியாக வளரும் பவளம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே உயர்கிறது.

நம் மதரஸாப் பிள்ளைகள் மனனம் செய்யும் ‘அர்ரஹ்மான்’ அத்தியாயத்தில் முத்தும் மர்ஜானும் இறைவனின் அருட்கொடைகளாகச் சுட்டப்படுகின்றன. மர்ஜான் என்பது பவளம். அணிகலனாகும் செம்பவளம் வேறு, நம் கடலில் பாறை கட்டும் பவளம் வேறு எனினும் இரண்டும் ஓரினத்து உறவுகளே. அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில் ‘மீஸான்’ எனும் தராசும், அதில் வரம்பு மீறாதிருக்க வேண்டும் என்ற கட்டளையும் வருகின்றன. மர்ஜானை ஓதும் நாம் மீஸானை மறக்கலாமா?

மறந்ததன் விளைவைக் கண்ணாரக் காணலாம். சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளக்கல் பல்லாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவரிலும் அக்கல்லைக் காணலாம். அலையைத் தடுக்கும் அரண் குலைந்தமையால் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இன்று வெட்டுவோர் இல்லை. ஆனால் கடல்நீர் மிகையாகச் சூடேறிய 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் பவளங்கள் வெளிறி, பெருமளவில் மடிந்தன.

“செத்த துண்டுதானே, அலமாரியில் வைக்க ஒன்று எடுத்தால் என்ன?” என்று கேட்போர் உண்டு. சட்டப்படி அது குற்றம். அதற்கும் மேலாக, அச்செத்த துண்டுகளே தீவின் கரையைத் தாங்குகின்றன. வருவோரெல்லாம் ஆளுக்கொன்று எடுத்தால் கரை என்னாகும்?

எனவே பெற்றோரே, கண்ணால் பார்க்கவும், கையில் எடுத்ததை இருந்த இடத்திலேயே வைக்கவும் பிள்ளைகளைப் பழக்குங்கள். கொண்டுசென்ற பிளாஸ்டிக் பைகளை மறவாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். வீடு திரும்பியதும் ‘அர்ரஹ்மான்’ அத்தியாயத்தைப் பொருளுணர்ந்து ஒருமுறை ஓதச் சொல்லுங்கள். அலமாரியில் வைக்கும் துண்டைவிட அது நெடுநாள் நிலைக்கும்.

தான் படைத்த சமநிலையைப் பேணும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.