நகர் வகுப்போர் கவனத்திற்கு

பனங்கொட்டையை ஊன்றுபவன் தன் மக்களின் பொருட்டே ஊன்றுகின்றான். நகர் வகுப்போருக்கும் அந்நெஞ்சம் வேண்டும் என்பது என் கருத்து.

கொழும்பு மாநகருக்குத் திட்டங்கள் இல்லாமற் போகவில்லை. 1921இல் பற்றிக் கெடிஸ் ஒன்று வகுத்தார். 1940களின் இறுதியில் அபர்குரொம்பி, இரத்மலானை, ஹோமாகம, ராகம ஆகியவற்றைத் துணைநகர்களாக்கக் கருதினார். 2016இல் மேல்மாகாணம் முழுவதற்கும் பெருநகர்த் திட்டம் எழுந்தது. மாலபே வரை செல்லவிருந்த இலகு ரயிற் பாதையோ 2020இல் கைவிடப்பட்டது. ஓர் அரசு தொடங்கியதை மற்றோர் அரசு நிறுத்துமாயின் திட்டம் ஏட்டுச் சுரைக்காயே.

வீடு, வீதி, வெள்ளம் என்பன மூன்றல்ல, ஒன்றே. நகரினுள்ளே குடியிருக்க வசதியில்லாதோர் தொலைவிற் குடியேறுகின்றனர். வேலைக்குச் செல்வோர் பஸ்ஸிலே பொழுதை இழக்கின்றனர். மற்றுஞ் சிலர் சதுப்பு நிலத்தை மண்ணிட்டு நிரப்பி வீடமைக்கின்றனர். நிற்க இடமிழந்த மழைநீர் யாது செய்யும்? 2010 நவம்பரிற் பாராளுமன்றத்தையே வெள்ளஞ் சூழ்ந்தது. 2016 மே மாதத்திற் கொலன்னாவை மக்கள் வீடிழந்து வருந்தினர். வானிலை மாறி மழை கடுமையாகும் இக்காலத்தில் அத்துன்பம் மிகுமேயன்றிக் குறையாது.

சதுப்பு நிலம் வெறுநிலமன்று. வெள்ளத்தைத் தாங்கும் ஏரியாகும். அதன் பொருட்டே கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரமெனச் சிறப்புப் பெற்றது. பட்டம் பெற்றாற் போதுமா? யான் வேண்டுவன இரண்டே: எஞ்சிய சதுப்பு நிலங்களின் எல்லையைச் சட்டத்தால் உறுதிசெய்க, ஏழைகளுக்கான வீடுகளை ரயில் நிலையங்களின் அருகே அமைக்க. ஆட்சி மாறினும் இவ்விரண்டும் மாறாதிருத்தல் வேண்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் அன்பர்கள் இதனை வினவுவார்களாக.