ஏறுன்னு சொல்லி இறக்கிவிடுறாங்க

நம்ம ஜாகை கார்ஹிங். மியூனிக்ல இருந்து வர்ற யூ6 ரயில் இங்க ஆராய்ச்சி வளாகத்தோட நின்னுடும், அதான் கடைசி ஸ்டேஷன் (2006-ல திறந்தது). அங்க வந்ததும் எல்லாரும் ‘அவுஸ்ஷ்டைகன்’னு அறிவிப்பு வரும். ‘ஷ்டைகன்’னா ஏறுறது. முன்னாடி ‘ஐன்’ போட்டா வண்டியில ஏறணும், ‘உம்’ போட்டா வண்டி மாறணும், ‘அவுஸ்’ போட்டா இறங்கணும். ஏறுற வினைச்சொல்லை வச்சே இறங்கச் சொல்றாங்க மக்களே!

என்ன பாஷைடா இதுன்னு சிரிச்சேன். அப்புறம் என் இங்கிலீஷ் சந்தி சிரிச்சது.

வந்த புதுசு. ரிப்போர்ட்டை ஒரு பார்வை பாருங்கன்னு ப்ரொஃபசருக்கு மெயில் போடணும். ‘லுக் ஓவர்’னு எழுதியிருக்கணும். கொஞ்சம் கெத்தா இருக்கட்டுமேன்னு திருப்பிப் போட்டு, ‘கைண்ட்லி ஓவர்லுக்’னு அனுப்பிட்டேன். தயவுசெஞ்சு கண்டுக்காம விட்டுடுங்கன்னு அர்த்தம்! மூணு நாள் பதிலே இல்ல. நாலாவது நாள் மனுஷன் நேர்லயே கேட்டார்: “அதுல அப்படி என்ன தப்பு பண்ணி வச்சிருக்க?”

ப்ளஸ் டூல இதெல்லாம் படிச்சவன்தான் நானு. ‘புட் ஆஃப்’னா தள்ளிப்போடு, ‘புட் அவுட்’னா அணை, ‘புட் அப் வித்’னா பொறுத்துக்கோ. இடதுபக்கம் சொல், வலதுபக்கம் அர்த்தம், மனப்பாடம், மார்க்கு. யார், எப்போ, யார்கிட்ட அப்படிப் பேசுவாங்கன்னு ஒரு வரி கிடையாது. கோளாறு அங்கதான்னு எனக்குத் தோணுது.

தமிழ்ல நாம இப்படியா கத்துக்கிட்டோம்? காட்டுறதும் நல்ல காரியம், கொடுக்கிறதும் நல்ல காரியம். ரெண்டும் சேர்ந்து ‘காட்டிக்கொடுத்தான்’னா துரோகி. ‘விட்டுக்கொடுத்தான்’னா பெரிய மனசு. ‘போட்டுக்கொடுத்தான்’னா நம்ம கிளாஸ் லீடர் :-) எந்த வாத்தியாரும் பிரிச்சுச் சொல்லித்தரல. அண்ணன் நம்மளைப் பத்தி அப்பாகிட்ட போட்டுக்கொடுத்தப்போ முதுகுல விழுந்துச்சு பாருங்க, அன்னிக்கே அர்த்தம் புரிஞ்சுடுச்சு. அந்த மாதிரி ஒரு சம்பவத்தோட, முழு வாக்கியமா ஒட்டிக்கிட்டாத்தான் இங்கிலீஷ்லயும் நிக்கும்.

‘எதுக்கு வம்பு, இந்த மாதிரி சொல்லே வேணாம்’னு ரூம்மேட் சொல்றான். நாம எழுதும்போது சரி. எதிர்ல இருக்கிறவர் பேசினா என்ன பண்றது, காதைப் பொத்திக்கவா?

ஜெர்மன்ல இன்னும் மோசம். ‘உம்ஃபாரன்’னு ஒரு சொல். ‘ஃபா’வை அழுத்திச் சொன்னா சுத்திக்கிட்டுப் போறது. ‘உம்’மை அழுத்தினா இடிச்சுத் தள்ளிட்டுப் போறது. சைக்கிள்ல போறவன் கதி என்ன?

அடுத்த ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை போகணும். ‘ப்ளீஸ் ரீட்’, அவ்ளோதான் எழுதி வச்சிருக்கேன்.