முடியாத அபராதம்

ஒரு நாள் அதிகாலையில் யேசுநாதர் எருசலேம் ஆலயத்தில் ஜனங்களுக்குப் போதித்துக் கொண்டிருந்தார். விபசாரத்தில் கையும் மெய்யுமாகப் பிடிபட்டவள் என்று ஒரு பெண்ணை வேதபாரகரும் பரிசேயரும் இழுத்து வந்து நடுவில் நிறுத்தினார்கள். இப்படிப்பட்டவளைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்பது மோசேயின் சட்டம். நீர் என்ன சொல்லுகிறீர் என்று கேட்டார்கள். அவர் குனிந்து விரலால் தரையில் எழுதினார். விடாமல் கேட்கவே, பாவமே அறியாதவர் யாரோ அவர் தொடங்கலாம் என்ற பொருளில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். வயதில் மூத்தவர்கள் முதலில் நழுவினார்கள். கூட்டம் கலைந்தது.

இந்தக் கதையைக் கிறிஸ்தவரல்லாதவர்களும் அறிவார்கள். ஆனால் ஒரு கேள்வியை அநேகர் கேட்பதில்லை. கையும் மெய்யுமாகப் பிடித்தார்கள் என்றால், கூட இருந்த ஆண்பிள்ளை எங்கே? மோசேயின் சட்டம் இருவருக்குமே மரண தண்டனை விதிக்கிறது. இழுத்து வரப்பட்டவளோ ஒருத்திதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. யோவான் சுவிசேஷத்தின் மிகப் பழைய பிரதிகளில் இந்தக் கதை காணப்படவில்லை. இது ஏன் விடுபட்டது என்பதற்கு அர்ச். அகுஸ்தீன் ஒரு காரணம் ஊகித்தார். இவ்வளவு சுலபமாக மன்னிப்புக் கிடைக்கும் என்று தெரிந்தால் மனைவிமார் துணிந்து தவறு செய்வார்கள் என்று அஞ்சிய சிலர் இதை நீக்கியிருக்கலாம் என்றார். ஊகம் சரியோ தவறோ, அந்த அச்சம் மட்டும் மெய். பாவத்தைக் காட்டிலும் மன்னிப்பைக் கண்டு பயந்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

ஒரு பெயர் பட்ட பாடு

மகதலேனா மரியாளை எடுத்துக் கொள்வோம். யேசுவோடு ஊர் ஊராகச் சென்று, தன் பொருளால் அவருக்கும் சீடருக்கும் உதவியவள். அவர் உயிர்த்தெழுந்ததும் முதலில் கண்டவள் என்று யோவான் எழுதுகிறார். அவள் நடத்தை கெட்டவள் என்று எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. லூக்கா பெயர் சொல்லாமல் குறிப்பிடும் பாவியான ஒரு பெண்ணும் இவளும் ஒருத்தியே என்று 591ஆம் ஆண்டில் போப் முதலாம் கிரெகோரி ஒரு பிரசங்கத்தில் கூறினார். மேற்கு நாட்டுத் திருச்சபையில் அதுவே நிலைத்தது. கீழை நாட்டுத் திருச்சபைகள் அதை ஏற்கவில்லை. ரோமாபுரி தன் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தி அந்தக் களங்கத்தைத் துடைத்தது 1969இல். அவளுடைய ஜூலை 22ஆம் தேதி நினைவு நாள் அப்போஸ்தலரின் திருநாட்களுக்குச் சமமாக உயர்ந்தது 2016இல். செய்யாத பாவத்துக்கு ஆயிரத்து நானூறு வருஷம் பழி சுமந்தாள்!

பழி அவளோடு நின்றதா? இல்லை.

அயர்லாந்தின் சலவைச் சாலைகள்

"தவறிய" பெண்களைத் திருத்துவதற்கென்று 1767இல் டப்ளின் நகரில் ஒரு விடுதி திறக்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் மகதலேனா. தொடங்கியவர் புராட்டஸ்டண்ட் சீமாட்டி ஒருவர், நோக்கம் நல்லதுதான். பின்னர் இத்தகைய விடுதிகள் கத்தோலிக்கக் கன்னியர் மடங்களின் கையில் பெருகின. பெண்களுக்கு வேலை, துணி வெளுப்பது. ஓட்டல், ஆஸ்பத்திரி, அரசாங்கத் துணிகளெல்லாம் அங்கே வந்தன. கூலி கிடையாது. பலருக்குச் சொந்தப் பெயரையே மாற்றி வேறு பெயர் வைத்தார்கள். கல்யாணமாகாமல் தாயானவர்கள், அனாதைச் சிறுமிகள், ஏழைகள், கோர்ட்டார் அனுப்பியவர்கள், கெட்டுப் போய்விடுவாளோ என்று உறவினர் பயந்த பெண்கள் எல்லோருக்கும் அங்கே ஒரே பட்டம்: "பச்சாத்தாபப்படுகிறவள்."

1922 முதல் 1996 வரை சுமார் 10,000 பெண்கள் அந்த வாசலைக் கடந்தார்கள். சிலர் சில மாதங்களில் வெளியேறினார்கள். சிலர் அங்கேயே மூப்படைந்து மாண்டார்கள். 1993இல் டப்ளினில் ஒரு மடம் நிலத்தை விற்றபோது, அங்கே புதைந்திருந்த 155 பெண்களின் சடலங்களைத் தோண்டி எடுத்தார்கள். அவர்களில் சிலருக்கு மடத்தில் சூட்டிய பெயர் மட்டுமே ஏட்டில் இருந்தது. கடைசிச் சலவைச் சாலை 1996 அக்டோபரில் மூடப்பட்டது. 2013 பிப்ரவரியில் பிரதமர் எண்டா கென்னி பார்லிமெண்டில் அந்தப் பெண்களிடம் மன்னிப்புக் கேட்டார். நஷ்ட ஈட்டை அரசாங்கம் ஏற்றது. சாலைகளை நடத்திய நான்கு கன்னியர் சபைகளும் அதற்குப் பணம் தர மறுத்துவிட்டன.

கன்னியரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. மகளைக் கொண்டு வந்து விட்டவர் தகப்பனார். சிபாரிசு செய்தவர் பாதிரியார். தப்பி ஓடியவளைத் திரும்பக் கொண்டு வந்து விட்ட போலீசாரும் உண்டு. பெற்ற வீடே கதவை அடைத்தபோது அவள் எங்கே போவாள்? ஊர் முழுவதும் ஆளுக்கொரு கல் வைத்திருந்தது. அவள் வயிற்றில் வளர்ந்த குழந்தைக்குத் தகப்பன் ஒருவன் இருந்தானே, அவனை எந்த மடத்துக்கும் யாரும் அனுப்பவில்லை.

அபராதம் என்பது என்ன?

மன்னிப்பை மலிவாக்கினால் ஒழுக்கம் கெடாதா என்று கேட்கலாம். யேசு ஒழுக்கத்தைத் தளர்த்தியவரல்லர். இனிப் பாவம் செய்யாதே என்று சொல்லித்தான் அவளை அனுப்பினார். அது மட்டுமா? இச்சையோடு ஒரு பெண்ணைப் பார்க்கிறவன் அப்போதே மனத்தளவில் தவறியவன் என்று மலைப் பிரசங்கத்தில் ஆண்களின் கண்ணுக்கே சட்டம் போட்டவர் அவர். அந்தச் சட்டம் கடுமையானது. ஆனால் இருவருக்கும் பொது.

கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்தை நோக்குங்கள். செய்த குற்றத்துக்கு மனஸ்தாபப்பட வேண்டும். குருவிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் விதிக்கும் அபராதத்தைச் செலுத்த வேண்டும். அவர் கேட்டதை உயிர் போனாலும் வெளியிடக் கூடாது. அபராதத்துக்கு அளவு உண்டு. அதைச் செலுத்தியவன் எழுந்து வீட்டுக்குப் போகிறான். இதில் மனித மனத்தை அறிந்த பெரிய ஞானம் இருக்கிறது. குற்ற உணர்ச்சி மனிதனைத் திருத்துவதற்காக, தின்பதற்காக அல்ல.

சலவைச் சாலையிலோ, பச்சாத்தாபம் ஒரு நாளும் முடியவில்லை. அவள் வெளுத்த துணியெல்லாம் வெள்ளையாகி வெளியே போயின. அவளுடைய கறை மட்டும் போகவில்லை என்றார்கள். திருச்சபை தன் சொந்த ஞானத்தையே மறந்த இடம் அது.

பெண்ணொருத்தி தவறினாள் என்ற பேச்சு எந்த ஊரில் எழுந்தாலும், மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு மேலே பேசுவது நல்லது. கூட இருந்தவன் எங்கே? அவளுக்கு விதித்த அபராதம் என்றைக்கு முடியும்? நம் கையில் இருப்பது என்ன?

மூன்றாவது கேள்விக்கு விடை கல் என்றால், எருசலேமின் பெரியவர்கள் செய்ததையே நாமும் செய்வோம். அதைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம்.