கருப்பட்டி மருந்து அல்ல!

"உங்களுக்குச் சர்க்கரை நோய்" என்று டாக்டர் சொல்லி விடுகிறார். தூத்துக்குடி வட்டாரத்து வீடுகளில் உடனே ஒரு மாற்றம் நடக்கிறது. சீனி டப்பா பரண் மேல் போகிறது. கருப்பட்டி அடுப்படிக்கு வருகிறது.

"உடன்குடிக் கருப்பட்டி உடம்புக்கு நல்லது. தாராளமாகக் காபியில் போடு!" என்பார் வீட்டுப் பெரியவர்.

இது அன்பு. ஆனால், ஆபத்தான அன்பு!

பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்கிறார்கள். காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் ஆவியாகிப் போகும். மிஞ்சுவதில் பெரும்பகுதி சர்க்கரையே. கரும்புச் சீனியில் இருக்கும் அதே சர்க்கரை! வேறு சத்துகள் சிறிது உண்டு. அதற்காக, ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது.

சீனியை விட்டுக் கருப்பட்டிக்கு மாறுவது, திருடனுக்குச் சட்டை மாற்றி விடுவது போலத்தான்.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் பெருமை உண்டு. பனை ஏறுகிறவரின் உழைப்புக்கு மதிப்பு உண்டு. ஆனால், பெருமை வேறு, மருந்து வேறு.

சோறும் சர்க்கரைதான்

இனிப்பை அடியோடு விட்டால் போதுமா? போதாது.

காலையில் இட்லி. பகலில் சோறு. இரவில் தோசை. மூன்றும் மாவுச் சத்து. வயிற்றுக்குள் போனதும் அது சர்க்கரையாக மாறுகிறது. சோற்றை விட்டுவிட்டு ஆறு சப்பாத்தி சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கோதுமையும் மாவுதானே!

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு ஒன்று 2022-ம் ஆண்டு வெளிவந்தது. 18,090 பேருடைய உணவை அதில் கணக்குப் பார்த்தார்கள். சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் மாவுச் சத்தின் பங்கு 100-க்கு 50 அளவுக்கு இறங்க வேண்டும். புரதச் சத்தின் பங்கு 20 அளவுக்கு ஏற வேண்டும். அப்படிச் செய்தால், புதிதாக நோய் கண்டவருக்கு அது அடங்க வாய்ப்பு உண்டு என்பது அந்தக் கணக்கின் முடிவு.

பிரிட்டனில் நடந்த சோதனை ஒன்றின் முடிவு 2017-ல் வந்தது. அதில் சேர்ந்தவர்கள், நோய் கண்டு 6 ஆண்டுகளுக்கு உட்பட்டவர்கள். மருத்துவ மேற்பார்வையில் உணவை மிகவும் குறைத்து, எடையை இறக்கினார்கள். ஓராண்டு முடிவில், 100-க்கு 46 பேருக்கு மாத்திரை இல்லாமலே நோய் அடங்கியிருந்தது.

ஆகவே, நோய் தெரிந்த உடனே விழித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

உழைப்பு போயிற்று; சோறு நின்றது

அந்தக் காலத்தில் இந்தக் கடற்கரை மக்கள் துடுப்புப் போட்டார்கள். மூச்சை அடக்கி மூழ்கி முத்து எடுத்தார்கள். மூட்டை சுமந்தார்கள். சாப்பிட்ட சோறு வியர்வையாகப் போயிற்று.

1961-ம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றது. துடுப்பின் வேலையை இயந்திரம் செய்கிறது. மூட்டையைக் கிரேன் தூக்குகிறது. தட்டில் சோற்றுக் குவியல் மட்டும் குறையவில்லை!

வாசலுக்கு வரும் மீன்

புரதத்தைத் தேடி இந்த ஊர்க்காரர்கள் அலைய வேண்டியதில்லை. மீன்காரர் வாசலுக்கே வருகிறார். சாளையும் பாறையும் நல்ல உணவு. எண்ணெயில் பொரிக்காமல் குழம்பு வைத்தால் போதும். கருவாட்டில் மட்டும் கவனம் வேண்டும். அதில் உப்பு அதிகம். ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு ஆகாது. மீன் சாப்பிடாதவருக்குப் பயறு, சுண்டல், மோர் இருக்கின்றன.

கணக்கு எளிது. தட்டில் பாதி காய்கறி. கால் பங்கு மீன் அல்லது பயறு. மீதிக் கால் பங்குதான் சோறு. மக்ரூனை மறந்துவிடுவது நல்லது. முந்திரி, முட்டை வெள்ளைக்கருவோடு அதில் சேர்வது சீனி!

ஒன்று முக்கியம். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. உணவைக் குறைக்கும் முன்பு டாக்டரைக் கேட்க வேண்டும். மருந்தின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கும். மருந்து சாப்பிடுகிறவருக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கினால், சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கலாம். அப்போது சீனித் தண்ணீர் உடனே கொடுக்க வேண்டும். இனிப்பு மருந்தாகும் நேரம் அது ஒன்றுதான்!

தனிச் சமையல் வேண்டாம்

நோயாளிக்கு ஒரு சமையல், மற்றவருக்கு ஒரு சமையல் என்றால் எத்தனை நாள் நடக்கும்? சமைக்கிற பெண்ணுக்கு இரட்டை வேலை. எதிரே மற்றவர்கள் வடை தின்னும்போது நோயாளிக்கு நாக்கு ஊறும். பத்தே நாளில் பத்தியம் பறந்து விடும்.

நோயாளிக்கு நல்ல சாப்பாடு, வீட்டில் எல்லோருக்கும் நல்ல சாப்பாடுதான். தாய் தந்தைக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரக்கூடிய நோய் இது. ஒரே அடுப்பு, ஒரே சமையல் என்று இன்றே தொடங்கினால், தந்தைக்கு அது சிகிச்சை. பிள்ளைக்கு அது காவல்!