செத்தவர் கேஸ் போடமாட்டார்

1997-ல் வந்த ‘டைட்டானிக்’ பார்த்து ஜாக்குக்காக அழுதவரா நீங்கள்? கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஜாக் வெறும் கற்பனை. ஆனால், அதே படத்தில் பயணிகளைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு சாகிறாரே ஓர் அதிகாரி, வில்லியம் மர்டாக்... அவர் நிஜம்!

1912 ஏப்ரல் 15. நள்ளிரவு தாண்டி, கப்பலின் வலப்பக்கப் படகுகளை இறக்கியவர் இந்த மர்டாக். இடப்பக்கத்தில், ‘பெண்கள், குழந்தைகள் மட்டும்’ என்று கறார். இவரோ, பக்கத்தில் பெண்கள் இல்லையென்றால் ஆண்களையும் ஏற்றினார். விடிகாலையில் கார்பேதியா கப்பல் மீட்ட 700 சொச்சம் பேரில், பல ஆண்கள் உயிரோடு இருந்தது அதனால்தான். மர்டாக் திரும்பவில்லை.

ஓர் அதிகாரி சுட்டுக்கொண்டதாகச் சிலர் சொன்னது உண்மை. அது யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. சினிமா மட்டும் தீர்ப்பு எழுதிவிட்டது. ஸ்காட்லாந்தில் அவரது சொந்த ஊரான டால்பீட்டி கொதித்தது. 1998-ல் ஸ்டுடியோ ஆள் நேரில் போய் வருத்தம் தெரிவித்து, உள்ளூர்ப் பள்ளிக்கு 5,000 பவுண்டு கொடுத்தார். படத்தின் வசூலோ 100 கோடி டாலருக்கும் மேல்!

‘சரித்திரக் கதையில் கற்பனையே கூடாதா சார்?’ என்பீர்கள். தாராளமாகக் கலக்கட்டும். கோழை வேண்டுமா, கொலைகாரன் வேண்டுமா, புதுசாக ஒரு பெயர் வைத்துப் படைக்கட்டும். பேருக்கா பஞ்சம்? வாய் திறந்து மறுக்க முடியாத மனுஷன் தலையில் பழியைப் போடுவது கற்பனை இல்லை, அவதூறு.

அடுத்த சரித்திரப் படத்தில் வில்லனைத் திட்டுவதற்கு முன், அந்தப் பெயர் நிஜமா என்று மட்டும் தேடிப் பாருங்கள்.